பின்னாடி ஒரு பையன் வருவான்

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற எந்தத் தெருவுக்குப் போனாலும் ஆட்டோ ஸ்டாண்டு மாதிரியே ஓர் ஆம்புலன்ஸ் ஸ்டாண்டும் இருக்கும். போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன், சும்மா தெரிந்துகொள்வோமே என்று மூன்று டிரைவர்களிடம் சென்னைக்கு எவ்வளவு என்று கேட்டேன். ரேட்டு உடனே வந்தது. ஏசி இருந்தால் ஒன்று, ஆக்சிஜன் வைத்தால் ஒன்று, வென்டிலேட்டர் என்றால் வேறு. கொல்கத்தா வரைக்கும் ரேட்டு வைத்திருக்கிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் ரயில் இறங்கி வைத்தியத்துக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது ஊருக்கே தெரியும், அதனால் அதில் ஆச்சரியம் இல்லை. சரி, பேஷண்டோடு பின்னால் யார் வருவார்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் சொன்னார்: "பின்னாடி ஒரு பையன் வருவான் சார், அவன் பார்த்துக்குவான்."

அந்தப் பையனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், யார் தேர்வு வைக்கிறார்கள், தப்புச் செய்தால் யார் கேட்பார்கள் என்பதைப் பற்றி.

எனக்கு இந்தக் கேள்வி வந்ததே அப்பாவால்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி குடியாத்தத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த இடத்தில் காட்டினோம், இங்கே முடியாது, வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்று வாசலில் நின்ற வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். வண்டியில் டிரைவர், பின்னால் இருபது இருபத்தொரு வயசுப் பையன் ஒருவன், அப்பா, நான். பையன் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்கவைத்து பெல்ட் போட்டான். அப்பா எழுந்து உட்காரத் துடித்தார். "படுங்க தாத்தா, எழுந்திருக்கக் கூடாது" என்று பையன் தோளைப் பிடித்து அமுக்கினான், நானும் சேர்ந்து பிடித்துக்கொண்டேன். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தான், அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும் பாருங்கள், அது வழி முழுக்கச் சுருங்கியே கிடந்தது. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போது அப்பாவின் உதடு நீலமாக மாறுவதை வண்டிக்குள் எரிந்த அந்த மங்கலான விளக்கில் பார்த்தேன்.

வேலூரில் கேஷுவாலிட்டியில் ஒரு நர்ஸம்மா செய்த முதல் வேலை, கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி அப்பாவை உட்காரவைத்தது. இரண்டாவது வேலை, ஆக்சிஜன் குமிழைத் திருகி அந்தப் பை உப்பும்வரை கூட்டியது. ஊசி மருந்தெல்லாம் அப்புறம்தான். இதயம் சரியாக இறைக்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டவரை மல்லாக்கப் படுக்கவைத்தால் மூச்சு இன்னும் திணறும், உட்காரவைத்தாலே பாதி நிம்மதி. அந்த மாஸ்க்கில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஓடினால்தான் பை நிரம்பும், பை நிரம்பினால்தான் அந்த மாஸ்க்குக்கே அர்த்தம். இரண்டையும் ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வழியில் அந்தப் பையனிடம் பேச்சுக்கொடுத்தபோது மூன்று மாதமாகத்தான் வேலை, முன்னால் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தேன் என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, நானும் சேர்ந்துதானே அமுக்கினேன். அப்பா பிழைத்துவிட்டார். அதனால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

இப்போது அந்த வண்டியைச் சட்டத்தின் கண்ணால் பாருங்கள். முன் சீட்டில் இருப்பவர் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். வண்டிக்கு எஃப்.சி. வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், புகைச் சான்று வேண்டும். ஆம்புலன்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 125 என்றொரு தரவிதி 2018-லிருந்து அமலில் இருக்கிறது, அதில் ஏ, பி, சி, டி என்று நாலு வகை. முதலில் போய்ச் சேரும் பைக் போன்றது ஏ, ஆளை ஏற்றிச்செல்ல மட்டும் பி, அடிப்படை உயிர்காப்புக்கு சி, வென்டிலேட்டர் சமாச்சாரங்களோடு டி. உள்ளே ஸ்ட்ரெச்சர் எப்படிப் பொருத்தப்பட வேண்டும், விளக்கு, சைரன் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. வழிவிடாமல் நிற்பவனுக்குக்கூட 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆக முன் சீட்டு, வண்டியின் தகரம், எதிரில் வருகிற பைக்காரன் எல்லாருக்கும் சட்டம் இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு மனுஷனின் மூச்சுக்குழாயைக் கையில் வைத்திருப்பவர் இன்னார்தான், இன்ன தேர்வு எழுதியவர்தான் என்று நாடு முழுக்கக் கேட்கிற சட்டம் 2021 வரைக்கும் கிடையாது.

இதை மற்ற வேலைகளோடு வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு விநோதம் என்று தெரியும். சென்னை மாகாணத்தில் டாக்டர்களைப் பதிவு செய்ய 1914-லேயே சட்டம் வந்துவிட்டது. நர்சுகளுக்கும் தாதிகளுக்கும் 1926-ல். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொடுப்பவருக்கு 1948-ல், பல் டாக்டருக்கும் அதே வருஷம். ரோட்டில் விழுந்து கிடப்பவரைத் தொடுகிற முதல் கைக்கு மட்டும் எழுபது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் ஒன்றும் சதி இல்லை. அப்படி ஒரு வேலை இருப்பதாகவே நாம் நினைக்கவில்லை. ஆம்புலன்ஸ் என்றால் படுத்துக்கொண்டு போகிற டாக்சி, அவ்வளவுதான்.

அந்த நினைப்பை மாற்றியது 108. ஹைதராபாத்தில் 2005-ல் ஆரம்பித்தது, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. அரசு பணம் கொடுக்கும், தனி அமைப்பு ஒன்று நடத்தும் என்கிற ஏற்பாடு. இன்றைக்கு மாநிலம் முழுக்க 1,300-க்கும் மேல் வண்டிகள். டிரைவரை பைலட் என்பார்கள். பின்னால் இருப்பவர் இ.எம்.டி., அதாவது எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன், ஆள் எடுக்கிற அறிவிப்பில் மருத்துவ உதவியாளர், பேப்பர்காரர்கள் எழுதும்போது மருத்துவ நுட்புநர். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பதைப் பார்த்தாலே தெரியவில்லையா, அந்த வேலைக்குச் சட்டத்தில் ஒரு பேர் இல்லாமல் ரொம்ப நாள் ஓட்டியிருக்கிறோம் என்று.

என் சித்தி பையன் ஒருவன் 108-ல் இ.எம்.டி.யாக இருக்கிறான். பி.எஸ்சி. விலங்கியல். நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்பு, இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் மாதிரி ஏதாவது ஓர் உயிரியல் பட்டம், வயது பத்தொன்பதிலிருந்து முப்பதுக்குள், இதுதான் தகுதி. முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் உடற்கூறு, முதலுதவி, அடிப்படை நர்சிங் பற்றி ஒரு மருத்துவ நேர்முகம், கடைசியில் ஆளைப் பார்க்கிற ஒரு நேர்காணல். எல்லாம் தாண்டினால் ஐம்பது நாள் பயிற்சி, வகுப்பறையிலும் ஆஸ்பத்திரியிலும் வண்டியிலுமாக. பைலட்டுக்குப் பத்து நாள். சேர்ந்த முதல் மாதம் போனில் சொன்னான், "இன்னாண்ணா இது, தவளையை அறுத்துப் படிச்சவன் கையில ஆளக் குடுத்துட்டாங்க" என்று. ஆனால் ஆறு மாதத்தில் அவன் கை மாறிவிட்டது. மாதனூர் பக்கம் ஹைவேயில் ஒரு பைக் விபத்து, அடிபட்டவரைச் சுற்றி நின்ற கூட்டம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கப் பார்க்கிறது, இவன் போய்த் தலையை இரண்டு பக்கமும் கையால் தாங்கிக்கொண்டே கழுத்துக்குக் காலர் போட்டு, பலகையில் உருட்டி ஏற்றி, வண்டி கிளம்பிய பிறகுதான் பேரையே கேட்டிருக்கிறான். பலகையில் ஏற்றுவதற்கு அவனுக்கு நாலு பேர் வேண்டும். பைலட் ஒருவர்தான் உண்டு, மீதியைக் கூட்டத்திலிருந்து பொறுக்கி, நீ இடுப்பு, நீ கால், நான் மூணு சொன்னதும் திருப்பணும் என்று நடுரோட்டில் ஒரு நிமிஷ வகுப்பு எடுப்பானாம்.

ஐம்பது நாள் போதுமா என்று கேட்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 400 மணி நேரம் வருகிறது. அமெரிக்காவில் அடிப்படை நிலை இ.எம்.டி. பயிற்சி பல இடங்களில் 150 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கிறது, அதற்கு மேலே இருக்கிற பாராமெடிக்தான் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுகிறார். அதனால் நம்முடைய ஐம்பது நாளை ஒரேயடியாக மட்டம் தட்ட வேண்டாம். என் கவலை வேறு. அவனுக்குப் பாடம் எடுத்தது யார்? அந்த அமைப்பு. கடைசிப் பரீட்சை வைத்தது? அதே அமைப்பு. வேலை கொடுத்தது? அதேதான். அவன் கையில் இருக்கிற சான்று அந்த வேலைக்கு உள்ளே மட்டும் செல்லும் டோக்கன் மாதிரி. நாளைக்கு அவன் வேலையை விட்டுவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரி வண்டியில் சேர்ந்தால், அங்கே அவனும் செல்போன் கடையிலிருந்து வந்த பையனும் ஒரே தட்டுதான். அதைவிடக் கெட்டது, இதன் மறுபக்கம். ஓரிடத்தில் தப்புச் செய்து அனுப்பப்பட்டவர் மறுநாள் காலையில் அடுத்த ஸ்டாண்டில் வேறு வண்டியில் ஏறிக்கொள்ளலாம், ஏனென்றால் பேரை அடிப்பதற்கு ஒரு பதிவேடே இருந்ததில்லை. டாக்டர் பெரிய தப்புச் செய்தால் மருத்துவக் கவுன்சில் பேரை நீக்கும் என்ற பயமாவது இருக்கிறது. பதிவேடு என்றாலே உள்ளே விடுவதற்கு என்று நினைக்கிறோம், எனக்கென்னவோ வெளியே அனுப்புவதற்குத்தான் அது ரொம்ப முக்கியம் என்று படுகிறது.

சொல்லிக்கொடுப்பவர் வேறு, சோதிப்பவர் வேறு என்பது வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய யோசனை இல்லை. வேலூர் மண்ணிலேயே நூறு வருஷத்துக்கு முன்னால் அது நடந்திருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் பின்னால் சி.எம்.சி. ஆன ஆஸ்பத்திரியை 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அவர் குடியாத்தம் ரோட்டில் வாரா வாரம் வண்டியில் போய், மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி வழியில் காத்திருக்கிற நோயாளிகளைப் பார்ப்பார், 1909 வாக்கில் அதற்கு ஒரு காரே வந்துவிட்டது. எங்கள் அப்பாவை ஏற்றிக்கொண்டு வந்தோமே, அந்த ஊர்ப்பக்கம்தான். அப்புறம் 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். அது எம்.பி.பி.எஸ். இல்லை, எல்.எம்.பி. என்கிற குறுகிய படிப்பு. ஆனால் பரீட்சை வைத்தது அவர் இல்லை, மாகாண அரசு. ஆண்கள் படிக்கிற பள்ளிகளிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், உங்கள் பெண்கள் யாரும் தேறாவிட்டாலும் மனசை விட்டுவிடாதீர்கள் என்று அவருக்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்லியிருந்தார்கள். முதல் வருஷப் பரீட்சையை எழுதிய 14 பேரும் தேறினார்கள். ஐடா ஸ்கடரே கேள்வித்தாள் போட்டு அவரே திருத்தியிருந்தால் அந்த 14-க்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? யாரும் கணக்கில்கூட எடுத்திருக்க மாட்டார்கள். குறுகிய படிப்பு என்பது குறையில்லை, வெளி ஆள் சோதிக்காத படிப்புதான் குறை.

சரி, 2021-ல் என்ன சட்டம் வந்தது? தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். பிசியோதெரபி, லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் என்று டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் அல்லாத ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை பத்துப் பிரிவாக அடுக்கி ஒரே குடைக்குள் கொண்டுவந்த சட்டம் இது. விபத்து, தீக்காயம், அறுவைசிகிச்சை, மயக்க மருந்து சார்ந்த பிரிவில் அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் பாராமெடிக்கும் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இந்தியச் சட்டப் புத்தகத்தில் பின் சீட்டுக்காரருக்கு ஓர் அடையாளம் கிடைத்தது அப்போதுதான். மத்தியில் ஓர் ஆணையம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கவுன்சில், இரண்டுக்கும் பதிவேடு. படிப்பின் தரத்தை ஆணையம் வகுக்கும், கல்லூரிகளைப் பார்ப்பதும் ஆட்களைப் பதிவு செய்வதும் மாநிலக் கவுன்சில். அரசியல் சட்டத்தில் ஆஸ்பத்திரியும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மருத்துவம் போன்ற தொழில்கள் பொதுப் பட்டியலில் இருக்கிறது, அதனால்தான் டெல்லி பாதி, சென்னை பாதி என்று இந்தப் பங்கீடு.

சட்டம் சொன்ன கணக்குப்படி மாநிலக் கவுன்சில்கள் ஆறு மாதத்தில் அமைந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இன்னும் ஏன் செய்யவில்லை, அக்டோபருக்குள் முடியுங்கள் என்று மத்திய அரசையும் எல்லா மாநிலங்களையும் அதட்ட வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் நிற்கிற வண்டிக்கு எஃப்.சி. முடிந்துபோனால் செக்போஸ்டில் அன்றைக்கே பிடித்துவிடுவார்கள், கவுன்சில் அமைக்காத அரசைப் பிடிக்க ஒரு செக்போஸ்ட் இல்லை.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: 2,000. இணைச் சுகாதாரப் பணியாளர் என்று பதிவு பெற வேண்டுமானால் இரண்டிலிருந்து நாலு வருஷத்துக்குள் பரவிய, குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். நம் சித்தி பையனின் 400 மணி நேரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று ஒரு பி.எஸ்சி. இருக்கிறது, இன்டர்ன்ஷிப்போடு நாலு வருஷம், அது தாராளமாகத் தேறும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை டெக்னீஷியன் என்று ஒரு வருஷச் சான்றிதழ் படிப்பு உண்டு, அது இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சண்டை வரும். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் அடிப்படை இ.எம்.டி., மேல்நிலை இ.எம்.டி. என்று இன்னும் இரண்டு. இவை போக பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற, ஆறே மாதத்தில் பாராமெடிக்கல் டிப்ளமோ, வேலை உறுதி என்கிற நோட்டீஸ்கள். ஒரே வேலைக்கு இத்தனை வாசல். நாலு வருஷம் படித்தவரும் ஆறு மாத நோட்டீஸ்காரரும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு ஒரே மாதிரி வண்டியில் வந்தால், ரோட்டில் கிடக்கிறவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

பட்டதாரி ஆம்புலன்சில் ஏறுவாரா என்பது அடுத்த கேள்வி. எனக்குத் தெரிந்து அந்த பி.எஸ்சி. முடித்தவர்கள் பெரும்பாலும் ஏசி போட்ட கேஷுவாலிட்டிக்கோ வெளிநாட்டுக்கோதான் போகிறார்கள், தப்பு சொல்ல முடியாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ரோடு, வெயில், ரத்தம், குடிகாரர் அடிதடி, இதற்கு என் சித்தி பையனுக்கு வருகிற சம்பளம் இன்னும் இருபதாயிரத்தைத் தொடவில்லை. 2,000 மணி நேரம் இல்லாதவர் இனி வண்டியில் ஏறக்கூடாது என்று நாளைக்கே ஒரு கையெழுத்துப் போட்டால் முதலில் நிற்கிற வண்டி ஜவ்வாது மலையடிவாரத்து வண்டியாகத்தான் இருக்கும், சென்னை வண்டி இல்லை. அணைக்கட்டுப் பக்கம் பல மலைக்கிராமங்கள் ஒழுங்கான ரோடு இல்லாமலே இருந்தவை. 2023 மே மாதத்தில் அங்கே பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, அம்மா கையில் ஏந்திக்கொண்டு நடந்த படத்தை எல்லாரும் பார்த்தோம். அந்த ஊருக்குத் தேவை முதலில் ரோடு, அப்புறம் வண்டி, அப்புறம்தான் வண்டியில் இருப்பவரின் மார்க் ஷீட். இந்த வரிசையைச் சட்டம் எழுதுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

பரீட்சையை வைத்து ஆளை வடிகட்டும்போது யார் அடிபடுகிறார்கள் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. அங்கேயும் 1960-கள் வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியது சவ அடக்கம் செய்கிற கம்பெனிகள்தான், படுக்கவைத்துக் கொண்டுபோக வசதியான நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. நம் ஊரிலும் அதே வேன்தானே இரண்டுக்கும் வருகிறது. பிட்ஸ்பர்க் நகரத்தில் 1967-ல் பீட்டர் சாபர் என்ற டாக்டர், நெஞ்சை அமுக்கி, காற்று ஊதி உயிரை மீட்கிற, இன்றைக்கு நாம் சி.பி.ஆர். என்று சொல்கிற முறையை உருவாக்கியவர்களில் ஒருவர், வேலையில்லாமல் இருந்த கருப்பின இளைஞர்களைச் சேர்த்து ஏறக்குறைய 300 மணி நேரம் பயிற்சி கொடுத்து ஃப்ரீடம் ஹவுஸ் என்ற பேரில் ஆம்புலன்ஸ் விட்டார். நாட்டுக்கே முன்மாதிரி அது. 1975-ல் நகராட்சி அந்த வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது, புதுப் பரீட்சைகளும் புது விதிகளும் வந்தன, அதில் பழைய ஆட்கள் பலர் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். வேலையைக் கண்டுபிடித்தவர்களே அந்த வேலைக்குத் தகுதியில்லாதவர்களாக ஆனார்கள். பரீட்சை வேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதுகிற எனக்கே இந்தக் கதையைப் படித்தபோது கொஞ்சம் தொண்டையில் சிக்கியது. நம்முடைய 108-ல் பதினைந்து வருஷமாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓடுகிற வண்டியில் எத்தனையோ பிரசவம் பார்த்தவர்கள். அவர்களை 2,000 மணி நேரக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால் அது இன்னொரு பிட்ஸ்பர்க்.

அதே அமெரிக்காவில் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. 1970-ல் தேசியப் பதிவகம் ஒன்று அமைத்தார்கள். அன்றிலிருந்து பாடம் எடுப்பது கல்லூரி, தேர்வு வைப்பது பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பதிவகம், லைசென்ஸ் கொடுப்பதும் பிடுங்குவதும் மாநில அரசு, சம்பளம் கொடுப்பது ஆம்புலன்ஸ் கம்பெனி. நாலு வேலைக்கும் நாலு கை. அதோடு பதிவகத்தின் சான்று இரண்டு வருஷம்தான் செல்லும், அதற்குள் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். சி.பி.ஆர். பயிற்சி அட்டைக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அதே இரண்டு வருஷக் கணக்குதான். காரணம் எளிது, கை மறந்துவிடும். ஆம்பு பேக் என்கிற, மூச்சு இல்லாதவருக்குக் கையால் காற்று அடிக்கிற அந்த ரப்பர் பந்தைப் பெரியவர்களுக்கு ஐந்தாறு நொடிக்கு ஒரு தடவை அமுக்கினால் போதும், பதற்றத்தில் எல்லாரும் அதை ஆட்டோ ஹாரன் மாதிரி அமுக்குவார்கள், காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும், அந்த வாந்தி நுரையீரலுக்குள் போகும். புத்தகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவரும் இதைச் செய்வார். எழுத்துப் பரீட்சையில் இது பிடிபடாது. பொம்மையை வைத்து, பக்கத்தில் ஒருவர் நின்று வாட்சைப் பார்த்தால்தான் பிடிபடும்.

வெளி ஆள் வைக்கிற தேர்வு என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எட்டு போடாமலேயே லைசென்ஸ் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நமக்குள் தெரியாதா. ஆனால் அப்படி வாங்கியவர்மேல் ஒரு வழக்கு வந்தால் லைசென்சை ரத்து செய்ய ஓர் ஆபீசும் ஒரு நம்பரும் இருக்கிறது. பின் சீட்டுக்கு அந்த நம்பர்கூட இருந்ததில்லை என்பதுதான் விஷயம். எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால் கவுன்சில் மூலமாக முதல் வேலையாக ஒன்று செய்வேன்: படிப்பு எத்தனை மணி நேரம் என்ற சண்டையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இப்போது வண்டியில் இருக்கிற எல்லாரையும், 108 ஆகட்டும் ஸ்டாண்டு வேன் ஆகட்டும், பொம்மையும் வாட்சுமாக ஒரு செய்முறைத் தேர்வுக்கு உட்காரவைப்பேன். தேறினால் அடிப்படை நிலை என்று ஓர் அட்டையும் நம்பரும். தேறாதவருக்குச் சம்பளத்தோடு பயிற்சி, திரும்பத் தேர்வு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய ஒரே மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பகுதியில் இதை நடத்த இடத்துக்குப் பஞ்சமே இல்லை, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ராணிப்பேட்டைப் பக்கம் ஹைவேயை ஒட்டி சி.எம்.சி.யின் புது வளாகத்தில் விபத்துச் சிகிச்சைக்கென்றே பெரிய மையம் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது, நல்ல திட்டம், நிஜமாகவே பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த 48 மணி நேரம் ஆரம்பிப்பதற்கு முந்தின நாற்பது நிமிஷம் மட்டும் இன்னும் அதிர்ஷ்டத்தின் கையில்.

இதையெல்லாம் எழுதிவிட்டு சித்தி பையனுக்கு போன் போட்டு, நீயே கேள்வித்தாள் போடுவதாக இருந்தால் முதல் கேள்வி என்ன கேட்பாய் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இதயம் மூளை என்று ஏதாவது பெரிசாகச் சொல்வான் என்று பார்த்தால், "கணக்குதாண்ணா கேப்பேன்" என்றான். "சின்ன பி டைப் சிலிண்டர், ஃபுல்லா இருந்தா 1,500 லிட்டர். பேஷண்டுக்கு நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓடுது. வேலூர்ல ஏத்துறோம், சென்னைக்கு மூணு மணி நேரம். எத்தனை சிலிண்டர் வேணும்?"

மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். 150 நிமிஷம்.

"ஒண்ணுன்னு சொல்றவன் ஃபெயில். பூந்தமல்லி டிராபிக்ல காலி ஆயிடும்ணா."